தங்கூஸ்

சீமெந்துத் தரையில் சிவப்பாய் ஒரு தடம்.
அடுக்களையிலிருந்து வாசல்வரை,
வாசலிலிருந்து திரும்பிக் கட்டிலடிவரை.
ஒற்றைக் கால் மட்டும்.

புஷ்பராணி பிள்ளைகளை வரிசையாய் இருத்தி
உள்ளங்கால்களைத் தூக்கிப் பார்த்தாள்.
ஜெனிற்றாவுக்கு ஒன்றுமில்லை.
சின்னவனுக்குச் சேறு.
"ஆருக்கு வெட்டினது, சொல்லித் துலையுங்கோ" என்று
அவள் கத்தினபோது
கதிரையில் இருந்தபடி நானும் சேர்ந்து அதட்டினேன்
தேத்தண்ணீர்க் கோப்பையோடு,
என் காலடியில் ஊறுவது தெரியாமல்.

ஊரி குத்தியிருந்தது.
எத்தனை நாளாய் என்று கேட்டால்
திருக்கடலூர்க் கரையைத்தான் கேட்க வேண்டும்.
நோகாத ஒன்றை எந்தத் தேதியில் குறிப்பது?

பிலேந்திரன் சொன்னான்:
"கன்னியாவில ஏழு கிணறு கிடக்கு, மச்சான்.
கடுஞ்சூட்டுக் கிணத்தில பத்து வாளி ஊத்து,
நஞ்செல்லாம் இறங்கும். ஞாயிறு போவம்."
புஷ்பராணி அவனுக்குப் பதில் சொல்லவில்லை.
ஆட்டோவுக்குச் சொன்னாள்.
அன்றைக்குச் சூரை படுகிற நாள்.
எஞ்சின் கடன் வேறு.
வாய் திறந்தேன்.
"உழைக்கிறதுக்குக் கால் வேணும், ஏறு."

பெரியாஸ்பத்திரியில் மிஸ்ஸி
பேனை போலொன்றைத் திறந்தாள்.
நுனியில் ஒரு விரற்கடை தங்கூஸ்.
எனக்குச் சிரிப்பு. இது எங்கட சாமானல்லோ.
"கண்ணை மூடுங்கோ. படேக்க ஓம் சொல்லுங்கோ."

இருபது பாகத்தில் கொத்துவது
விளையா கலவாயா என்று
சுட்டுவிரல் மடிப்பில் பிடித்துச் சொல்கிறவன் நான்.
விளை இரண்டு தட்டுத் தட்டும்.
கலவாய் கல்லுக்குள் இழுக்கும்.
பாரை ஒன்றும் கேட்காது, ஓடும்.

கண்ணை மூடி இருந்தேன்.
காத்திருந்து பழகின ஆள்தானே.
மேலே விசிறி சுற்றியது.
வெளியே டச்சுக்குடாவில் ஒரு படகு இருமி இருமி
எடுபட்டது.
"எப்ப தொடங்கப் போறீங்கள், மிஸ்ஸி?"
"முடிஞ்சுது, ஐயா."

டொக்டர் கறுத்ததை வழித்தார்.
வழித்து வழித்து, சிவப்பு வந்ததும்
"நல்லது" என்றார்.
என் இரத்தத்தைப் பார்த்து
ஒருவர் நல்லது சொன்னது அதுதான் முதல்.
பத்து நாள் பிந்தியிருந்தால் என்று தொடங்கி,
புஷ்பராணியின் முகத்தைப் பார்த்து
வசனத்தை முடிக்காமல் விட்டார்.

முடிந்த வசனம் பக்கத்துக் கட்டிலில் கிடந்தது.
கிண்ணியா உதுமாலெப்பை.
முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டை.
முதலில் மஞ்சள் பத்து, பிறகு பரிசாரி,
பிறகு, பெருநாள் முடியட்டும் என்று ஒரு கிழமை.
சாமத்தில் இல்லாத பெருவிரலைச் சொறியக்
கையை நீட்டுவார்.
"கால் இருக்கக்குள்ள நோவல்ல, தம்பி.
இப்பதான் நோவுது."

பதினெட்டு நாள்.
இரண்டு கால்களோடும் படியிறங்கினேன்.
வலக்கால் இன்னும் ஊமைதான்.
சீனி வருத்தம் எடுத்ததைத் திருப்பித் தருவதில்லையாம்.
மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

சப்பாத்தோடு படகில் ஏறுகிறேன் இப்போது.
"துரை வாறார், வழி விடுங்கோடா" என்கிறான் பிலேந்திரன்.
இரவில் ஜெனிற்றா
தான் பொட்டு வைக்கிற கண்ணாடியை நிலத்தில் வைப்பாள்.
அதற்கு மேலே காலைப் பிடித்து,
விடியப்புறம் கடலைப் பார்ப்பதுபோல் பார்ப்பேன்:
எங்கே நிறம் மாறுது, எங்கே கலங்குது.

நேற்றுப் பிள்ளைகள் படுத்த பிறகு
பிலேந்திரன் வந்தான். வெறியில்லை.
செருப்பை வாசலில் கழற்றிவிட்டு
"சும்மா ஒருக்காப் பாரன்" என்றான்.
தூண்டில் பெட்டியில்
ஒரு விரற்கடை வெட்டி எடுத்தேன்.
"கண்ணை மூடு. படேக்க சொல்லு."

பெருவிரல்.
நடுப்பாதம்.
குதி.

மூடின கண்ணோடு
அவன் பொறுமையாய்க் காத்திருந்தான்,
நல்ல மீன்காரன்.

நான் எழும்பிச் சட்டையைப் போட்டேன்.
புஷ்பராணி ஆட்டோவுக்கு அடித்தாள்.